வால் முன்னால் வந்த வண்டி

அந்தக் காரில் இரண்டே இருக்கைகள். மேலே மூடி கிடையாது. மூடியாக இருந்த கான்வாஸை நான் வாங்குவதற்கு முன்பே எலி தின்றுவிட்டது. முன்பக்கம் நீளம். எஞ்சின் மூடியைக் குதிரைச் சேணம்போலத் தோல்வாரால் இறுக்கிக் கட்டவேண்டும். பின்பக்கம் வள்ளத்தின் மூக்கு மாதிரிக் கூம்பி முடியும். கை பிரேக் வண்டிக்கு வெளியே இருந்தது. பச்சை நிறம், அதாவது ஒருகாலத்தில் பச்சை. மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பியபோது எனக்கு விற்றுவிட்டுப் போனார். பந்தயத்துக்கென்றே செய்த வண்டி என்றார். எந்த வருஷத்துப் பந்தயம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வண்டியின் வயது தெரிந்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பங்களில் தாய்மாமன் சொத்து சகோதரி மகனுக்குப் போகும் மருமக்கள் வழி முடிந்து, கூட்டுச் சொத்தைப் பாகம் வைத்துக்கொண்டிருந்த காலம். அதுவரை மாமாவின் கையை எதிர்பார்த்திருந்த மருமகன்களுக்குத் திடீரென்று சொந்தமாக நிலம் வந்தது. சிலர் கடை வைத்தார்கள். சிலர் வழக்குப் போட்டார்கள். என் பங்குக்கு வந்த தென்னந்தோப்பு கார் ஆயிற்று. நான் திருவனந்தபுரத்தில் பி.ஏ. படித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். ஊர் தோவாளைக்குப் பக்கம். மாமாவின் மகளைத்தான் கட்டியிருந்தேன். பாகம் பிரிந்த பிறகும் மாமா வீட்டில்தான் இருந்தோம்; வயல்களை அவரே பார்த்துக்கொண்டார்.

அந்த வண்டி தந்த சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலை வேளையில் ஒழுகினசேரி தாண்டிக் கிழக்கே திரும்பினால் ரோட்டின் இருபுறமும் குளங்கள். தாமரை இலைமேல் நடக்கும் பறவைகள் வண்டிச் சத்தம் கேட்டு ஒன்றாக எழும். உட்காரும் இடம் தரையை ஒட்டியே இருந்ததால், மெதுவாகப் போனாலும் பறப்பதுபோல இருக்கும். வேகமாகப் போனால் காரணம் இல்லாமல் சிரிப்பு வரும். இந்த வயதிலும் நல்ல கனவு என்று ஒன்று வந்தால் அது அந்த ரோட்டில்தான் வருகிறது.

செலவைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. மாட்டுவண்டிகள் போகும் ரோடு அல்லவா, லாட ஆணி சிந்திக் கிடக்கும். டயர் அதை ஒன்றுவிடாமல் பொறுக்கும். பெட்ரோலை டின்னில் வாங்கி வரவேண்டும். அந்தப் பெட்ரோல் தானாக எஞ்சினுக்குப் போகாது. டாங்கிக்குள் காற்று அடிக்க ஒரு கைப்பம்பு உண்டு, ஓட்டுபவன் பக்கத்தில் இருப்பவர் வழியெல்லாம் அதை அடித்துக்கொண்டே வரவேண்டும். என்னோடு கற்பித்த நண்பர் ஒருவர் இரண்டு தடவை வந்துவிட்டு, “உம்ம காருல வாறதுக்கு நான் கிணத்துல தண்ணி எறச்சிட்டுப் போவேன்வே, வயலாவது நனையும்” என்றார்.

எல்லாவற்றிலும் பெரிய செலவு காளைகள்.

வண்டி போகும், திரும்பி வராது. அதுதான் அதன் சுபாவம். வெள்ளமடத்திலோ தேரேகால்புதூரிலோ நின்றுவிடும். நான் யாரிடமாவது சொல்லி அனுப்புவேன். எங்கள் வயலைப் பாட்டக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த பெரியவர் தன் உழவுக் காளைகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வருவார். காரின் முன்னால் காளைகளைக் கட்டி, நான் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, அவர் நடந்தே ஓட்டுவார். ஊர் எல்லையில் சிரிப்பு காத்திருக்கும். “பெட்ரோல் ரெண்டும் வைக்கோல் தின்னுமோ மக்கா?” என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரித்தால் வெட்கம் பாதியாகும் என்று அப்போது நினைத்தேன்.

பெரியவர் சிரித்ததில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை. அவர் என் மாமா வயது. நான் அவரை “வா”, “போ” என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் வீடுகளில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், படித்த பிறகும் நான் அதை மாற்றவில்லை. காளையைக் கொடுப்பாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கொண்டுவரச் சொன்னேன், கொண்டுவந்தார்.

ஒரு வருஷம் கன்னிப்பூ என்கிற முதல் போகத்து உழவு நடக்கும்போது தோவாளைக்கு மேற்கே வண்டி நின்றது. சரளை ரோட்டில் இழுத்ததில் நுகத்தடி உரசி, வலத்துக் காளைக்குக் கழுத்து வெந்து புண்ணாகிவிட்டது. பூட்டமுடியாத காளையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பக்கத்து வயல்களில் எல்லாம் விதைத்து முடித்த பிறகு இரவல் காளை கிடைத்தது. பிந்தி விதைத்தது பிந்தி விளைந்தது. அறுக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நெல் வயலிலேயே முளைத்தது. அந்த மழை நாட்களில் நான் காருக்குப் புது டயர் தேடிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனாலும் அப்போது கூசவில்லை என்பதுதான் உண்மை.

மாமாவுக்குக் கூசியிருக்கிறது. மறுவருஷம் வைகாசிக் கடைசியில், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானலில் வந்து உழவு தொடங்கிய அன்று, என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே, இதக் கேட்டுக்கோ. இந்த உழவு முடியது வரைக்கும் அந்தப் பாவப்பெட்டவனுக்க காளை வயல விட்டு வரப்பிடாது. உனக்க வண்டி நடுரோட்டுல நின்னுதுன்னு ஒருக்க அதுகள அவுத்தியானா, மறுநாள் காலைல வண்டி கோட்டாத்துக்குப் போவும். எடை போட்டுக் குடுத்திருவேன்.”

“மாமா, அது எனக்க வண்டில்லா?”

“காளை உனக்க காளையா?”

கோட்டாற்றில் பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஏற்கெனவே ஒருமுறை வந்து, ஆட்டின் முதுகைத் தடவிப் பார்ப்பதுபோல வண்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

புத்தியுள்ளவன் அந்த உழவு முடியும்வரை வண்டியைத் தொட்டிருக்கமாட்டான். நானும் தொடவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என் மனைவிக்கு முப்பந்தல் இசக்கியம்மனுக்கு ஒரு நேர்ச்சை இருந்தது. மாட்டுவண்டியில் போகலாம் என்றேன்.

“காளை எல்லாம் உழவுலல்லா நிக்கி?” என்றாள். பிறகு, “அத்தான், காருல சீட்டு ரெண்டு இருக்குல்லா? ரெண்டு வருசமா அந்த ரெண்டாவது சீட்டுல ஊர்ல உள்ளவன் எல்லாம் இருந்தாச்சு. நான் மட்டும்தான் பாக்கி.”

அவளை நான் ஒருநாளும் ஏற்றிச் சென்றதில்லை. மூடியில்லாத வண்டியில் மனைவியை வைத்துக்கொண்டு போனால் ஊர் என்ன சொல்லும் என்று பயம். பந்தய வண்டி வாங்கத் துணிந்தவனுக்கு அந்தத் துணிச்சல் இருக்கவில்லை.

போனோம். அந்த மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேற்கிலிருந்து காற்று பிடிக்கும். வைக்கோல் வண்டியையே சாய்க்கும் காற்று. போகும்போது அது முதுகில் தள்ளியது. அவள் பம்பை அடிக்க அடிக்க வளையல் குலுங்கியது. முப்பந்தல் போய்ச் சேர்ந்தபோது, இவ்வளவு நல்ல வண்டியை ஏன் எல்லாரும் ஏசுகிறார்கள் என்று அவள் கேட்டாள்.

நேர்ச்சை முடிந்தது. வண்டியைத் திருப்புவதற்காகப் பின் கியர் போட்டேன். உள்ளே ஏதோ உடைந்த சத்தம். கியர்க் கம்பி கையோடு ஆடியது. முன் கியர் எதுவும் விழவில்லை. பின் கியர் விழுந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது.

நான் கோயில் ஆலமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். ஊருக்குச் சொல்லி அனுப்பினால் காளை வரும். காளை வந்தால் வண்டி இரும்புக் கடைக்கு. வேறு ஊர்க் காளையைப் பிடிக்கலாம் என்றால், தண்ணீர் விட்ட வாரத்தில் எவன் கொடுப்பான்?

“பின்னால மட்டும் போவுமா?” என்று கேட்டாள் மனைவி.

“போவும்.”

“வீடு நமக்குப் பின்னாலதான இருக்கு?”

திரும்பிப் பார்த்தேன். திருப்புவதற்கு முன்பே எல்லாம் உடைந்திருந்ததால் வண்டியின் மூக்கு திருநெல்வேலியைப் பார்த்தும் வால் எங்கள் ஊரைப் பார்த்தும் நின்றன.

பின்னால் பார்த்து ஓட்டுவது என்னால் முடியவில்லை. தலையைத் திருப்பியதும் காற்று கைநிறைய மண்ணை வாரிக் கண்ணில் அடித்தது. தோல் பட்டை வைத்த ஓட்டுநர் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அவள் வாங்கி மாட்டிக்கொண்டாள். சேலையை இழுத்துச் செருகி, இருக்கையில் மேற்கே பார்த்து முழங்காலிட்டு, ஒரு கையால் வண்டியின் வாலைப் பிடித்து, மறுகையால் பம்பை அடித்தாள். அவள் பார்த்துச் சொல்ல, நான் கிழக்கே பார்த்தபடி ஓட்டவேண்டும்.

“வலது பக்கம்!” என்று கத்தினாள். வலது பக்கம் ஒடித்தேன். பின்சக்கரம் ஓடைக்குள் இறங்கப் பார்த்தது.

“எனக்க வலதுல்லா சொன்னேன்!”

“உனக்க வலது எனக்கு இடதுல்லா?”

“அப்படீன்னா வலதும் வேண்டாம், இடதும் வேண்டாம். வடக்க ஒதுக்குங்க!”

அதற்குமேல் தவறு வரவில்லை. எங்கள் ஊரில் பானையை நகர்த்தச் சொன்னாலும் “தெக்க தள்ளி வை” என்றுதான் சொல்வோம். யார் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் தெற்கு தெற்குதான். “தெக்க, தெக்க… போரும். கொஞ்சம் வடக்க. அப்படியே விடுங்க.” காற்று அவள் குரலை அள்ளி என் காதிலேயே கொண்டுவந்து போட்டது. நான் போகும் வழியைப் பார்க்கவில்லை. கடந்து வந்த வழிதான் எனக்குத் தெரிந்தது. எதிரே வந்தவர்களை நாங்கள் தாண்டிய பிறகே பார்த்தேன். எல்லாரும் வாயைத் திறந்தபடி ரோட்டில் சிறுத்துக்கொண்டே போனார்கள்.

ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சாவடிக் காவலாளி குறுக்கே வந்தார்.

“ஓய், நீரு போறீரா, வாறீரா?”

“வாறேன்.”

“வண்டிக்க மொகம் கெழக்க பாண்டி நாட்டுக்குல்லா பாக்குது?”

“வண்டிக்க மொகத்த விடும்,” என்றாள் மனைவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. “எனக்க மொகம் மேக்கல்லா பாக்குது!”

அவர் யோசித்தார். நானும் யோசித்துத்தான் பார்த்தேன், அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கம்பைத் தூக்கிவிட்டார்.

தோவாளையில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒருத்தி கூவினாள்: “ஏட்டி, உனக்க மாப்பிளைக்கு வீட்டுக்கு வர மனசில்லியா? மொகத்த அந்தால திருப்பி வச்சிருக்காரு!”

“மனசில்லேன்னா நான் கொண்டு போவேன்லா!” என்று இவள் கத்தினாள். ஒரு கைப்பிடி பூ வந்து எங்கள் மேல் விழுந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார். பொதுவாக இந்த மாதிரிச் சமயங்களில் பூமி பிளந்தால் நல்லது என்று தோன்றும். அன்று தோன்றவில்லை. அவளோடு சேர்ந்து கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினேன்.

ஊருக்கு முன் கடைசியாக எங்கள் குளத்தின் கரை. ரோடு அதன்மேல் ஏறி இறங்கும். பாதி ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து எஞ்சின் நின்றது. பின்னால் போனதால் காற்று ரேடியேட்டரில் படவே இல்லை. அது அவ்வளவு தூரம் தாங்கியதே அதிகம். பிரேக்கை இழுத்துவிட்டு, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கரைக்குக் கீழே எங்கள் வயல். பெரியவர் உழுதுகொண்டிருந்தார்.

அவர் எங்களைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, கையும் காட்டவில்லை. அவர் ஏரை நிறுத்தினார். காளைகளை அவிழ்த்தார். சேற்றோடு வரப்பில் ஏறி, தோளில் வடத்தைப் போட்டுக்கொண்டு, காளைகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் கோபம்கூட இல்லை. மழை வந்தால் முற்றத்து நெல்லை வாரிக்கொண்டு உள்ளே வருவதுபோல, அது ஒரு வேலை, அவ்வளவுதான். அரைகுறையாக உழுத வயலில் ஏர் மட்டும் நின்றது. வலத்துக் காளையின் கழுத்தில் போன வருஷத்துப் புண் காய்ந்து, மயிர் முளைக்காத வழுக்கைத் தழும்பாக இருந்தது. அவ்வளவு பக்கத்தில் நான் அதை அதுவரை பார்த்ததில்லை.

“வேண்டாம்,” என்றேன். “நீங்க போய் ஏரப் பூட்டுங்க.”

பெரியவர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். மாமா வந்து நிற்கிறார், அவரிடம்தான் நான் ‘நீங்க’ என்று பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். பின்னால் யாரும் இல்லை.

“மொதலாளி, இது ஏறாது,” என்றார்.

“ஏறாட்டா இங்கயே கெடக்கட்டும். காளை வரப்பிடாது.”

அவர் போகவில்லை. வடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார். மனைவி குளத்தில் இறங்கி, நேர்ச்சைக்குக் கொண்டுபோன செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள், திரும்பவும் போனாள், ஊற்றினாள். இனி ஸ்டார்ட் செய்யவேண்டும். கியர் சிக்கிக்கிடப்பதால் ஒருவர் கிளட்சை மிதித்தபடி இருக்க, இன்னொருவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றவேண்டும். முப்பந்தலில் அப்படித்தான் செய்தோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவள் காலின் மேலேயே நான் காலை வைத்து இடம் மாறிக்கொண்டோம். அது சமதளம். இது ஏற்றம்.

அவளை என் இருக்கையில் உட்கார வைத்தேன். சுற்றினேன். மூன்றாம் சுற்றில் எஞ்சின் உறுமியது. நான் ஓடிவந்து ஏறுவதற்குள், “அத்தான், விடட்டா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எஞ்சின் திணற ஆரம்பித்தது. இன்னும் ஒரு நொடி போனால் நின்றுவிடும். சூடேறிய எஞ்சின் இன்னொருமுறை பிடிக்குமா என்பது சந்தேகம்.

“விடு!” என்றேன். “பிரேக்க அவுத்துட்டு, மெள்ள விடு!”

மெள்ள விடவில்லை. ஒரேயடியாக விட்டாள். வண்டி குதித்தது. சக்கரத்துக்கு வைத்த கல் என் காலருகே தெறித்தது. பச்சை வண்டி, வால் முன்னாலும் மூக்குப் பின்னாலுமாக, என்னை விட்டுவிட்டு, கரையின்மேல் ஏறத் தொடங்கியது. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் என்னையே பார்த்தன. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

“ஏறிட்டு!” என்று ஒரு சத்தம் கேட்டது. பெரியவர். “ஏறிட்டு மொதலாளி, ஏறிட்டுல்லா!” வடத்தை மறந்து, காளைகளை மறந்து, அவரும் கரைமேல் ஓடிவந்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கரை உச்சியில் அவள் கிளட்சை மிதித்து நிறுத்தினாள். “இறங்கட்டா?” என்றாள்.

“இறங்காண்டாம்.”

நான் பக்கத்து இருக்கையில் ஏறி, மேற்கே பார்த்து முழங்காலிட்டேன். பம்பை எடுத்துக்கொண்டேன். கண்ணில் மண் விழுந்தது; விழட்டும் என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். “தெக்க. இன்னும் தெக்க. அப்படியே விடு.” அவள் ஓட்டினாள். ஊருக்குள் அப்படித்தான் நுழைந்தோம்.

மாமா தெருவில் நின்றார். வண்டியைச் சுற்றி ஒருதடவை நடந்தார். பெரியவர் எங்களுக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்திருந்தார்.

“காளை எங்க?”

“கொளத்தங்கரையில நிக்கி,” என்றார் பெரியவர். “வடம் வண்டியத் தொடல்ல. நான் கொண்டுதான் போனேன். மருமவன் வேண்டாம்னுட்டாரு.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடி மாட்டியிருந்த மகளைப் பார்த்தார். “ஏட்டி, யாரு ஓட்டுனது?”

“முப்பந்தல்ல இருந்து அத்தான். ஏத்தம் மட்டும் நான்.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குள் போகத் திரும்பியவர், “கெடக்கட்டும் வண்டி,” என்று மட்டும் சொன்னார். நடையில் ஏறும்போது அவர் தோள் குலுங்கியதை மனைவியும் நானும் பார்த்தோம்.

அன்று மாலை வரை பெரியவர் உழுதார். அந்த வாரமே விதைத்தார். எங்கள் பற்றிலுள்ள வயல்களில் முதலில் முளைத்தது அதுதான். நான் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. காளையைக் கூப்பிடாமல் இருந்தேன், அவ்வளவே. ஆனாலும் பச்சை பிடித்த நாளில் அந்த வரப்பில் நின்றபோது, கரை ஏறிய நாளைவிட எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன வருஷத்துக்காக ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். சொல்ல வரவில்லை. அதற்குள் பழையபடி “நீ” என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த வாயைத் திருத்த எனக்கு இன்னும் பல வருஷங்கள் ஆயின.

அவர்தான் பேச்செடுத்தார். “வண்டிய நேராக்கியாச்சா மொதலாளி?”

“நாகர்கோயில்ல பட்டறையில கெடக்கு. நேராக்கிருவான்.”

அவர் காளையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

“நேராவாட்டாலும் சாரமில்ல,” என்றார். “பின்னால ஓடுனாப் போரும்.”